இனியாவின் கண்ணும் கயலின் கல்யாணமும்

1

எங்கள் வீட்டில் இப்போது பகலிலும் விளக்கு எரிகிறது. பாரீசுக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டிய ஒரு பழைய அடுக்குமாடியில் குடியிருக்கிறோம். கூடம், சமையலறை, குளியலறைக்குப் போகும் ஒடுங்கிய நடை என்று ஓரிடம் பாக்கியில்லை. விளக்கை அணைக்காமல் போகிறவர்களைத் துரத்தித் துரத்தித் திட்டுகிற ஆள் இந்த வீட்டில் நான்தான். அந்த நானே இப்போது வேலை முடிந்து வந்ததும், எந்த அறையாவது இருட்டாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலணியைக் கழற்றுகிறேன்.

காரைக்கால் பக்கம் எங்கள் ஊரான விழிதியூரிலிருந்து வீடியோவில் பேசுகிற உறவுக்காரர்கள், "என்னப்பா, அந்த ஊர்ல கரண்டு சும்மா குடுக்குறாங்களா?" என்று கேட்கிறார்கள். சிரித்து மழுப்பிவிடுகிறேன். ஆனால் எத்தனை நாளைக்கு மழுப்புவது? ஊரில் இருப்பவர்களுக்கு ஒருநாள் சொல்லித்தான் ஆக வேண்டும். எழுதினால் பயம் கொஞ்சம் குறையும் என்று கூட வேலை செய்பவர் ஒருவர் சொன்னார். இதுவரை குறையவில்லை.

என் மகள் இனியாவுக்குப் பதினைந்து வயது. இங்கே லிசே என்று சொல்லும் மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். வசந்தம் தொடங்கிய சமயம், அவள் வகுப்பை ஓர் அறிவியல் கண்காட்சிக்கு அழைத்துப் போனார்கள். கூரையில் நட்சத்திரங்களைக் காட்டுகிற இருட்டு அரங்கம் ஒன்று அங்கே உண்டு. காட்சி முடிந்து பிள்ளைகள் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். இனியா மட்டும் வரவில்லை. உயிரியல் ஆசிரியை திரும்பிப் போய்ப் பார்த்தபோது, அவள் தன் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாளாம். கையைப் பிடித்துக்கொள் என்று ஆசிரியை கை நீட்டியிருக்கிறார். இவள் வேறு பக்கம் துழாவியிருக்கிறாள்.

அந்த ஆசிரியை எனக்குப் போன் செய்தபோது நான் கிடங்கில் பொட்டலங்களை ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. இத்தனை வருடம் பேசிப் பழகிய பிரெஞ்சு எங்கே போனதோ தெரியவில்லை. அவர் சொன்னது எல்லாம் புரிந்தது. பதில் மட்டும் வரவில்லை. கடைசியில் "ஐயோ" என்றேன். அது எந்த மொழி என்றாலும் அவருக்கு விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்னால் எங்களுக்கு ஒன்றும் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்தது, ஆனால் வேறு மாதிரித் தெரிந்தது. தண்ணீர்க் குவளையைத் தட்டிவிடுவாள். கதவு நிலையில் இடித்துக்கொள்வாள். "எருமை மாடு, பாத்து நடக்க மாட்டியா?" என்பாள் என் மனைவி மங்கை. எந்நேரமும் கையில் கைபேசியை வைத்திருக்கிறாளே என்று நான் ஒரு பிரசங்கமே நடத்துவேன். படிக்கட்டில்கூட அதை வைத்துக்கொண்டு என்ன நோண்டுகிறாய் என்று கத்தியிருக்கிறேன். அவள் நோண்டவில்லை. அதன் வெளிச்சத்தில் படியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

அதே வாரம் ஊரிலிருந்து வசந்தா அக்காவின் போன். அவள் மகள் கயலுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை எங்கள் தம்பி செந்தில்தான். கயல் காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். செந்தில் அங்கே அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். ஆவணியில் முகூர்த்தம். அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது நம் பக்கத்தில் புதிதா என்ன? நானும் மங்கையும் சந்தோஷப்பட்டோம். அன்றைக்கே பயணச்சீட்டு விலை பார்க்க உட்கார்ந்தேன்.

2

கண் மருத்துவமனையில் ஒரு நாள் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலில் குடும்ப மருத்துவரின் கடிதம், அப்புறம் காப்பீட்டு அட்டை, அப்புறம் எந்தக் கட்டடம், எந்தத் தளம் என்று ஓட்டம். கடைசியில் ஒரு டாக்டரம்மா முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, படம் எடுத்து, இருட்டறையில் உட்கார வைத்து, எல்லாம் பார்த்துவிட்டு அவர் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: "நீங்கள் இருவரும் ரத்த சொந்தமா?"

"இல்லை," என்றேன் நான். "இல்லை," என்றாள் மங்கை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை அது. வாயில் ஊறிப்போனது. ஏன் என்று காரைக்கால்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போனபோது மங்கையின் அம்மாவழித் தாத்தா பிரெஞ்சு நேஷனாலிட்டி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர். அந்த வழியில் மங்கைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமைப் பேப்பர் உண்டு. அவள் அண்ணனுக்கு மட்டும் பெயரை உரிய காலத்தில் பதியாமல் விட்டுவிட்டார்கள். நேஷனாலிட்டி உள்ள பெண் என்றால் எங்கள் ஊரில் வரன் தேட வேண்டியதில்லை. பூவத்திலிருந்து பட்டினம் வரை, காரைக்காலின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆள் வரும். மங்கையின் அப்பா, அதாவது என் அம்மாவின் அண்ணன், யாரையும் உள்ளே விடவில்லை. "நேஷனாலிட்டி வெளிய போவக் கூடாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மங்கையை எனக்குக் கட்டினார்கள். அதற்கு முன்பே மங்கையின் அண்ணனுக்கு என் அக்கா வசந்தாவைக் கொடுத்திருந்தோம். எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்குத் தாங்கள் பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்றே தெரியாது.

விசாவுக்கு விண்ணப்பித்தபோது விவரம் தெரிந்தவர்கள் என்று நாங்கள் நம்பிய சிலர் வந்து காதில் ஓதினார்கள். "சொந்தம்னு மட்டும் வாய தொறந்துராதீங்க. பேப்பருக்காகக் கட்டுன கல்யாணம்னு நெனச்சிருவான். லவ்வுன்னு சொல்லுங்க." எந்தச் சட்டத்திலும் அப்படி இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை. எந்த அலுவலகத்தில் யார் கேட்டாலும் சொந்தம் இல்லை என்று சொல்லியே இத்தனை வருடம் ஓட்டிவிட்டோம். கண் டாக்டரிடமும் அதையே சொன்னோம்.

இனியா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நீங்க அம்மாவோட அத்தை பையன்தானே?" என்று தமிழில் கேட்டாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, இவர்கள் உடன்பிறந்த அண்ணன் தங்கையின் பிள்ளைகள் என்று பிரெஞ்சில் தெளிவாகச் சொன்னாள். மங்கை கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள், அதற்குள் இருக்கும் அடையாள அட்டையை யாரோ பிடுங்கப் போவது போல.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "உங்கள் பேப்பர் எனக்கு வேண்டாம் ஐயா. இந்தப் பிள்ளையின் கண்தான் வேண்டும்," என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் போட்டு எங்கள் குடும்பத்தை வரைய ஆரம்பித்தார். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவே ஒரு கோட்டுக்குப் பதில் இரட்டைக் கோடு. எனக்கும் மங்கைக்கும் ஒன்று. அக்காவுக்கும் மச்சானுக்கும் ஒன்று. அவர்களுக்குக் கீழே கயலுக்கு ஒரு வட்டம். எனக்குப் பக்கத்தில் செந்திலுக்கு ஒரு சதுரம்.

"அவ்வளவுதானே?" என்று கேட்டார்.

அடுத்த இரட்டைக் கோடு எங்கே விழப் போகிறது என்று எனக்குத் தெரியும். அந்த வட்டத்தையும் சதுரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். "அவ்வளவுதான்," என்றேன்.

3

நோய் என்ன என்று டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரித்தான் சொன்னார். ஒவ்வொரு பூட்டுக்கும் நம் உடம்பில் இரண்டு சாவி இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. எனக்கு ஒரு சாவி வளைந்தது, இன்னொன்று நல்லது. மங்கைக்கும் அப்படியே. நல்ல சாவி ஒன்று இருப்பதால் எங்கள் இருவருக்கும் கண்ணில் குறையில்லை. இனியாவுக்கு வந்த இரண்டுமே வளைந்த சாவி. அவள் விழித்திரையில் இருட்டுக்கு வேலை செய்கிற செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. முதலில் அந்தியில் தெரியாது. பிறகு பக்கவாட்டில் தெரியாது. அதற்கு மேல் அவர் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

வளைந்த சாவி எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வீட்டிலிருந்து வந்தது. நேஷனாலிட்டியைக் குடும்பத்துக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தோம் அல்லவா, இதையும் கூடவே வைத்திருந்திருக்கிறோம்.

மருந்தே இல்லையா என்று மங்கை கேட்டாள். இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் மங்கை அழுதுவிட்டாள். ஆராய்ச்சிக்காரர்கள் நல்ல மரபணுவை, கெடுதல் நீக்கிய ஒரு வைரஸின் கூட்டுக்குள் வைத்து, ஊசியால் விழித்திரைக்கு அடியில் செலுத்துகிறார்களாம். இருட்டில் சுவரைப் பிடித்து நடந்த பிள்ளைகள் சிலர் அதற்குப் பிறகு தானாக நடந்து போனார்களாம். ஆனால் இது இப்போதைக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு கெட்டிருந்தால்தான் பலிக்கும். மற்றவற்றுக்கு இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது. செத்த செல்லை எந்த ஊசியும் எழுப்பாது, மிச்சம் இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். இனியாவுக்குக் கெட்டிருப்பது எந்த மரபணு என்று ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். தினமும் மின்னஞ்சலைத் திறக்கிறேன். அது வந்துவிடுமோ என்றும் பயம், வராமல் போகுமோ என்றும் பயம்.

பள்ளிக்கூடம் எங்களைவிட வேகமாக இருக்கிறது. பெரிய எழுத்தில் கேள்வித்தாள், முன் வரிசையில் இடம், சீக்கிரம் இருட்டும் குளிர்கால மாதங்களில் முன்னதாக வீட்டுக்கு அனுப்புவது என்று ஏற்பாடுகள் ஆரம்பித்துவிட்டன. அதற்கு என் மகளை ஊனமுற்றவள் என்று ஓர் அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. கடைசியில் இனியாவே பேனாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

அவர்கள் உயிரியல் வகுப்பில் இப்போது பரம்பரைப் பாடம் நடக்கிறது. ஆசிரியை கரும்பலகையில் சதுரமும் வட்டமும் போட்டு, இரட்டைக் கோடு என்றால் என்ன என்று விளக்கியிருக்கிறார். இந்தப் பெண் கையைத் தூக்கி, "அது எங்கள் வீட்டில் இருக்கிறது, நான் வரைந்து காட்டவா?" என்று கேட்டிருக்கிறாள். வரைந்தும் காட்டியிருக்கிறாள். நாங்கள் தூதரகத்திலும் நகராட்சியிலும் மூடி மூடி வைத்ததை ஒரு வகுப்பே பார்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து அதைச் சாதாரணமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைக் கேட்டாள்:

"நீங்க காலேஜுல படிச்சது ஸுவாலஜிதானே அப்பா?"

"ஆமா."

"செந்தில் சித்தப்பாவும் அதைத்தான் பாடம் எடுக்கிறாரு?"

"ஆமா."

"அப்புறம் எப்படி?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "சாப்பாடு ஆறுது, போய்ச் சாப்பிடு" என்றேன். அவள் போய்விட்டாள். இப்போதெல்லாம் அவள் எங்களிடம் அதிகம் கேட்பதில்லை. கேட்க வேண்டியதை அந்த ஆசிரியையிடம் கேட்டுக்கொள்கிறாள்.

காரைக்காலில் நான் பட்டம் படித்த காலத்தில் மரபியல் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். ஓங்குபண்பு, ஒடுங்குபண்பு, நெட்டைச் செடி, குட்டைச் செடி, உருண்டை விதை, சுருங்கிய விதை எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். கட்டம் போட்டு நிரப்புவேன். அதெல்லாம் பட்டாணிக்கு மட்டும் பொருந்தும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மனிதருக்கும் பொருந்தும் என்றும் யாரும் சொல்லவில்லை.

4

கல்யாணத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பேரும் ஒரு ரத்தச் சோதனை எடுத்துக்கொள்ளட்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஊரில் உறவுக்காரர்கள் யாராவது பார்க்க விரும்பினால் சென்னையிலேயே எடுக்கலாம் என்று டாக்டரம்மா பொதுவாகச் சொல்லியிருந்தார். இருந்தும் அக்காவுக்குப் போன் போடத் தைரியம் வர ரொம்ப நாள் ஆனது. மங்கைதான், "நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு புள்ள பொறந்து, அதுக்கும் கண்ணு தெரியலன்னா நம்ம மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?" என்றாள். அன்றைக்கே போன் செய்தேன்.

"என்னடா, டிக்கெட்டு போட்டுட்டியா?" என்று அக்கா ஆரம்பித்தாள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒரு விஷயம். கோவப்படாம கேளு." இனியாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன்.

"அடப்பாவமே, மாலைக்கண்ணா? முருங்கக்கீரையும் ஆட்டு ஈரலும் குடுடா. அந்த ஊர்ல ரொட்டியத் தின்னுக்கிட்டுக் கெடந்தா இப்புடித்தான்."

"கீரையில சரியாவுறது இல்லக்கா. இது பரம்பரையா வருது. எனக்கும் மங்கைக்கும் இருக்கு. உனக்கும் இருக்கலாம், மச்சானுக்கும் இருக்கலாம்."

"எனக்கு என்னடா இருக்கு? நான் இன்னும் கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோக்குறேன்."

"கோப்பக்கா. உனக்கு ஒண்ணும் செய்யாது. செந்திலுக்கும் கயலுக்கும் ஒரு டெஸ்ட் மட்டும் எடுத்துப் பாத்துட்டா..."

மிக்ஸி நின்றது. அக்காவின் குரல் மாறியிருந்தது.

"நீ மாமன் மவளக் கட்டுன. அவ பேப்பர வச்சிக்கிட்டு ஏரோப்ளேன் ஏறிப் போன. நான் ஒரு வார்த்த சொன்னேனா? இப்ப என் பொண்ணு நான் பொறந்த வூட்டுக்கு மருமவளா போறது உனக்குப் பொறுக்கலியா?"

"அப்படி இல்லக்கா..."

"பத்திரிக அடிச்சாச்சு. மண்டபத்துக்குச் சொல்லியாச்சு. டெஸ்ட்டுன்னு போனா நாலு பேருக்குத் தெரியாம இருக்குமா? கண்ணு போற குடும்பம்னு ஊர்ல சொல்லிருவாங்க. அப்புறம் என் பொண்ண வுடு, உன் பொண்ணுக்கு எவன்டா வருவான்?"

அவள் போனை வைத்துவிட்டாள். அவள் திட்டியதுகூடப் பெரிதில்லை. கடைசியாகக் கேட்ட கேள்வியை நானும் எனக்குள் பல தடவை கேட்டிருக்கிறேன், மங்கைக்குக்கூடத் தெரியாமல்.

5

செந்திலை அவன் பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஓய்வு நேரத்தில் பிடித்தேன். வீடியோவில் அவனுக்குப் பின்னால் அலமாரியும், ஜாடியில் ஊறப்போட்ட தவளையும் தெரிந்தன. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இல்லை அவன் முகம். அக்கா அதற்குள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"படிச்சவன், வாத்தியாரு, உனக்குத் தோணலியாடா?" என்று கேட்டேன். மகள் என்னைக் கேட்டதை நான் அவனைக் கேட்டேன், வேறென்ன.

"தோணாம இருக்குமாண்ணே?" என்றான். "புஸ்தகம் மாறி சிபிஎஸ்இ ஆயிருச்சு. பசங்க இங்கிலீசுல திணறுறாங்க. நான் பாடத்த முடிக்கிறதா, மொழிய சொல்லித் தர்றதா? நீட்டுக்குப் படிக்கிறவன் ஒரு மார்க் கேள்விக்குச் சதுரம் வட்டம் எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்துர்றான். போன மாசம் அந்தப் பாடம் எடுக்குறேன். சொந்தத்துல கட்டுனா ரெட்டக் கோடுன்னு சொல்றேன். மூணாவது பெஞ்சுப் பொண்ணு ஒண்ணு எழுந்து, 'சார், நீங்க உங்க அக்கா மவளத்தான கட்டிக்கப் போறீங்க?'ன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"கிளாஸே சிரிச்சிச்சு. நானும் சிரிச்சேன். கேள்வித்தாள்ல வர்றத மட்டும் கேளும்மான்னு உக்கார வச்சிட்டேன்." அவன் சற்று நிறுத்தினான். "அன்னிக்குப் பாடத்த வேகமா முடிச்சிட்டேண்ணே. மறுநாளும் அந்தப் பக்கமே போவல."

சோதனை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். எடுத்துக்கொள்கிறேன் என்றான் யோசிக்காமல். "எனக்கு இல்லன்னு வந்தா பிரச்சின இல்ல. இருக்குன்னு வந்தா கயலும் எடுக்கணும். அவகிட்ட யாரு கேக்குறது? அவளுக்கும் இருக்குன்னு வந்து, நான் வேணாம்னு ஒதுங்குனா, அதுக்கப்புறம் அந்தப் புள்ளைய யாருண்ணே கட்டிக்குவா? நான் தூக்கி வளத்த புள்ள. நான்தான் அத நடுத்தெருவுல வுட்டேன்னு ஆயிராதா?"

மணி அடித்துவிட்டது என்று அவன் எழுந்து போனான். மரபணுவை வெட்டி ஒட்டுகிறார்கள், கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். இந்தக் கேள்விக்கு என்ன செய்வது என்று எந்த ஆராய்ச்சியிலும் இல்லை. அன்று கிடங்கில் மூன்று பொட்டலங்களை ஊர் மாற்றிப் போட்டுத் திட்டு வாங்கினேன்.

6

போன ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கயல் கூப்பிட்டாள். அவள் தனியாக எனக்குப் போன் செய்தது இல்லை. அக்காவின் போனில் எட்டிப் பார்த்து, "நல்லாயிருக்கீங்களா மாமா, இனியா எங்க?" என்பதோடு சரி. இப்போது வீடியோ இல்லாமல் குரல் மட்டும் வந்தது. என் மேல் கோபமாக இருக்கிறாளோ, நான் கல்யாணத்தைக் கெடுக்கிறேன் என்று நினைக்கிறாளோ என்று பயந்தேன்.

"பெரிய மாமா, இனியாவுக்கு மொதல்ல எப்புடித் தெரிஞ்சிச்சு?" என்று கேட்டாள்.

அரங்கத்தில் எழுந்து வராததைச் சொன்னேன்.

"நேரா பாக்குறப்ப நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

"பக்கத்துல நிக்கிறவங்க? திடீர்னு தோள்மேல கைய வச்சா தூக்கிவாரிப் போடுமா?"

டாக்டரம்மா கேட்ட கேள்விகள் இவை. அதே வரிசையில் கேட்கிறாள். காப்பிக் குவளையைக் கீழே வைத்தேன். "கயலு, நீ எதுக்கும்மா இதெல்லாம் கேக்குற?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கரண்டு போனா உக்காந்த எடத்துலயே உக்காந்திருப்பேன் மாமா. வந்ததுக்கப்புறம்தான் எழுந்திருப்பேன். நாகப்பட்டினத்துல நல்ல ஸ்கூலு ஒண்ணு கூப்புட்டாங்க. திரும்பி வர்றப்ப இருட்டிரும்னு போவல. கொழந்தைங்க பக்கத்துல வந்து நின்னாத் தெரிய மாட்டேங்குது, இடிச்சித் தள்ளிர்றேன்."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"செந்திலுகிட்ட?"

"சின்ன மாமாகிட்டயும் சொல்லல." அவள் அழ ஆரம்பித்தாள். "வெளியில கட்டிக் குடுத்தா புது வூடு. அந்தியில படி எங்க, வாசப்படி எங்கன்னு எனக்கு எப்புடித் தெரியும்? மாமியா ஒரு சொம்புத் தண்ணி கொண்டாடின்னா நான் எங்கன்னு போவேன்? சின்ன மாமா வூடுன்னா எல்லா எடமும் காலுக்கே தெரியும். அதான் அம்மா கேட்டதும் சரின்னுட்டேன்."

இத்தனை நாள் நான் பயந்தது ஒன்றுக்கு. பிறக்காத ஒரு குழந்தைக்காகப் பயந்துகொண்டிருந்தேன். கயலை அந்தப் படத்தில் ஒரு வெறும் வட்டமாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவி இரண்டும் வளைந்து அவளுக்கே வந்திருக்கும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

"மருந்து இருக்காமே மாமா?" என்றாள்.

"எல்லாருக்கும் இல்லம்மா. எந்த மரபணுன்னு பாக்கணும். மிச்சம் இருக்குறதக் காப்பாத்தலாம்னு சொல்றாங்க. அதுக்குச் சீக்கிரம் போவணும். சென்னையிலயே பாக்கலாம்."

"பாத்தா சரியாயிருமா?"

பொய் சொல்லிப் பழகிய வாய்தான். அன்று வரவில்லை. "தெரியலம்மா," என்றேன்.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க மாமா. நான் சொன்னா, நீங்க சொல்லிக் குடுத்து நடிக்கிறேன்னு நெனப்பாங்க." அவள் சொல்லி முடிப்பதற்குள் அங்கே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா போனைப் பிடுங்கிவிட்டாள்.

"இப்ப இவள புடிச்சிக்கிட்டியா? கல்யாணப் பொண்ண அழ வச்சி என்னடா சுகம் உனக்கு?"

"அக்கா, மொதல்ல உக்காரு."

"என்னத்துக்கு உக்காரணும்?"

"உக்காருக்கா."

சொன்னேன். கயல் சொன்ன வரிசையிலேயே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நடுவில் கத்துவாள், போனை வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. நான் முடித்த பிறகும் இணைப்பு இருந்தது. தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துப் போனது. கயல் பக்கத்தில் விசும்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. நான் இரண்டு தடவை "அக்கா, அக்கா" என்றேன்.

"சின்னப் புள்ளையில, அந்தி சாஞ்சா என் முந்தானைய வுட மாட்டாடா," என்றாள் அக்கா. அவள் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை. "பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளின்னு ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். பயம் தெளியட்டும்னு ஒரு நாளு இருட்டுனதும் கொல்லையில நிறுத்திட்டுக் கதவச் சாத்துனேன். தாப்பா கூடப் போடல குணா, சும்மாதான் சாத்தி வச்சேன். அவளே தள்ளிக்கிட்டு வந்துருவான்னு உள்ள நின்னு சிரிச்சிக்கிட்டு இருந்தேன். வரவே இல்ல. 'அம்மா, அம்மா'ன்னு நின்ன எடத்துலயே நின்னு அழுதுச்சு. கதவு எங்க இருக்குன்னு தெரியாமயாடா நின்னுச்சு?"